பன்றித் தீனியில் ஓமமும் கற்பூரவள்ளியும்: செரிமானத்துக்கு எவ்வளவு உதவும்?

வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர், பிள்ளைக்குச் சளி பிடித்தால் கற்பூரவள்ளி இலைச்சாறு. லெம்பா பெர்த்தாம் தொடங்கி ரிங்லெட், தானா ராத்தா வரை தோட்டத்து வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வாசல் தொட்டியில் வேறு செடி இல்லாவிட்டாலும் கற்பூரவள்ளி இருக்கும்.

இந்த இரண்டின் மணத்துக்கும் காரணமான பொருள்கள் இன்று பன்றித் தீனியில் சேர்க்கப்படுகின்றன. ஓமத்தில் இருப்பது தைமோல். கற்பூரவள்ளியில் முக்கியமானது கார்வக்ரோல். ஐரோப்பியத் தீனி நிறுவனங்கள் இவற்றைத் தைம், ஓரிகானோ ஆகிய செடிகளோடு சேர்த்துப் பேசுகின்றன. செடி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். இவற்றோடு பட்டை, பூண்டு, மிளகாய், மஞ்சள், இஞ்சி என்று நம் அஞ்சறைப் பெட்டியே தீனி மூட்டைக்குள் போய்விட்டது எனலாம்.

பன்றி நம் வீட்டுச் சமாசாரம் இல்லை என்று பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். பன்றி தின்பதில் எவ்வளவு செரிக்கிறது என்பது பண்ணைக்காரரின் லாப நட்டத்தோடு முடிகிற விஷயம் அல்ல. மருத்துவமனையில் நமக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யுமா, ஆற்றில் என்ன கலக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் அதில் அடங்கியிருக்கின்றன.

நம்மைப் போன்ற வயிறு

மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. அதில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. அதன் பிறகு சுமார் 18 மீட்டர் நீளச் சிறுகுடல். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் அங்கே நொதிகளால் உடைக்கப்பட்டு, குடலின் உட்சுவரில் விரல் போல நீண்டிருக்கும் உறிஞ்சிகள் வழியாக இரத்தத்தில் சேர்கின்றன. அதனால் புல்லை மட்டும் போட்டுப் பன்றியைக் கொழுக்க வைக்க முடியாது.

இது நம் முன்னோருக்கும் தெரிந்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கள் காய்ச்சும் வீட்டில் வளர்ந்த ஆண் பன்றி ஒன்று வருகிறது. அதைப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்லை மாவாக்கி ஊட்டிப் பல நாள் வளர்த்தார்கள் என்கிறது அந்நூல். தமிழ் படித்தவர்கள் இதை விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுவோம். கால்நடை அறிவியல் படித்தவர் கண்ணில் வேறு ஒன்று படும்: நெல்லாகப் போடாமல் மாவாகப் போட்டிருக்கிறார்கள். தானியத்தை அரைத்தால் நொதிகள் வேலை செய்யும் பரப்பு கூடும், செரிமானம் கூடும். எந்தப் பண்ணையிலும் தீனியை அரைத்துத்தான் கொடுக்கிறார்கள். காரணம் இன்றும் அதுதான்.

செரிமானச் சிக்கல் பெரிதாக வருவது குட்டிகளுக்கு. பன்றியின் சினைக்காலம் 114 நாள். 3 மாதம், 3 வாரம், 3 நாள் என்று பண்ணைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இயற்கையில் தாய் தன் குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கப் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும். பண்ணையில் பெரும்பாலும் 3 அல்லது 4 வாரத்தில் ஒரே நாளில் பிரித்துவிடுகிறார்கள். அதுவரை பாலை மட்டுமே கண்ட வயிற்றுக்குள் மறுநாள் மக்காச்சோளமும் சோயாவும் இறங்குகின்றன.

பால் குடிக்கும் குட்டியின் வயிற்றில் அமிலம் குறைவாகவே சுரக்கும். பால் சர்க்கரையை நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றி அந்தக் குறையைச் சமாளிக்கின்றன. பால் நின்றதும் அந்த உதவியும் நின்றுபோகிறது. அமிலம் போதாவிட்டால் புரதத்தை உடைக்கும் பெப்சின் சரியாக வேலை செய்யாது. பிரிவின் கலக்கத்தில் குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்பதும் இல்லை. அந்தச் சில நாள்களிலேயே குடல் உறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போகிறது, தீய நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. ஈ. கோலை பெருகி வயிற்றுப்போக்கு கண்டால் குட்டி மெலியும். சில நேரம் செத்தும் போகும்.

மருந்து போட்ட தீனி

இதற்கு உலகம் முழுவதும் கையாளப்பட்ட குறுக்கு வழி, தீனியிலேயே ஆண்டிபயோட்டிக் மருந்தைக் கலப்பது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் குளோர்டெட்ராசைக்ளின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் கோழிகளுக்குக் கொடுத்தபோது அவை வேகமாக வளர்வது தெரியவந்தது. பன்றியிலும் அதே பலன். அதன் பிறகு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறு அளவு மருந்து தினமும் தீனியில் போனது.

சிறு அளவு, நீண்ட காலம்: நுண்ணுயிர்கள் அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சுவீடன் 1986-ஆம் ஆண்டிலேயே வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து வெளிவந்த ஆய்வு எல்லாரையும் உலுக்கியது. கொலிஸ்டின் என்பது, வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமித் தொற்றுக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதை எதிர்க்கும் மரபணு, ஒரு நுண்ணுயிரிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவும் வடிவில் பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. மலேசியாவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டு தடை விதித்தது.

குட்டிகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க அதிக அளவில் போடப்பட்ட துத்தநாக ஆக்சைடும் ஐரோப்பாவில் 2022 ஜூனில் நின்றுபோனது. அது குடலில் அதிகம் சேராமல் சாணத்தோடு வெளியேறி மண்ணில் தங்கிவிடுகிறது.

மருந்து போய்விட்டது, வயிற்றுப்போக்கு போகவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓமமும் கற்பூரவள்ளியும் உள்ளே வந்தன.

மூலிகை என்ன செய்கிறது?

முதல் வேலை, சுரப்புகளைத் தூண்டுவது. கடுகு தாளித்த வாசனைக்கு நமக்கு எச்சில் ஊறுவது போலத்தான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் இஞ்சி, சீரகம், மிளகு, மஞ்சள், மிளகாய் முதலியவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கணைய நொதிகளின் வேலையும் பித்தநீர்ச் சுரப்பும் கூடியதை அந்த ஆய்வுகள் காட்டின. சாப்பாட்டுக்குப் பின் ரசம் என்ற நம் வழக்கத்துக்கு இது ஒரு சான்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எலி வேறு, பன்றி வேறு. நொதி கூடியது என்பதும் எடை கூடியது என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது வேலை, கிருமியைத் தாக்குவது. தைமோலும் கார்வக்ரோலும் நுண்ணுயிரின் மேலுறையைக் குலைத்து உள்ளே இருப்பதை வெளியே கசிய விடுகின்றன. சோதனைக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் ஈ. கோலை இவற்றுக்கு நன்றாகவே மடிகிறது. விளம்பரங்கள் இந்தத் தட்டுப் படத்தைத்தான் பெரிதாகப் போடும்.

வயிறு கண்ணாடித் தட்டு அல்ல என்பதுதான் சிக்கல். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணெய்ச் சத்துகளைப் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்து, அவை குடலில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தார்கள். இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட்டன என்று 2008-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. கிருமி பெருகுவதோ சிறுகுடலின் பின்பகுதியிலும் பெருங்குடலிலும். அதாவது காவல்காரர் வாசலிலேயே நின்றுவிடுகிறார், திருடன் கொல்லைப்புறத்தில் இருக்கிறான். இதற்காகவே நிறுவனங்கள் எண்ணெயைக் கொழுப்பு உறைக்குள் பொதிந்து, குடலில் மெல்லக் கரையும்படி தயாரிக்கின்றன. விலை ஏறுவதும் இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. இவை காற்றில் பறக்கும் எண்ணெய்கள். ஓமப்பொடியை இரண்டு மாதம் திறந்து வைத்தால் மணம் போய்விடும். தீனியைச் சூடாக்கிக் குருணையாக அழுத்தும்போதும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மூட்டையின் மேல் அச்சிட்ட அளவு பன்றியின் வாயில் போகும் அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எப்படி அளக்கிறார்கள்?

செரித்ததை அளப்பது எளிதாகத் தோன்றும்: போட்ட தீனியில் இருந்து வெளியே வந்த சாணத்தைக் கழித்தால் போதும் அல்லவா? ஒவ்வொரு துளி சாணத்தையும் சேகரிப்பது பெரும்பாடு. அதனால் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற, கொஞ்சமும் செரிக்காத தூளைத் தீனியில் சிறிது கலப்பார்கள். தூள் அப்படியே வெளியே வரும். சாணத்தில் தூளின் செறிவு எத்தனை மடங்கு கூடியிருக்கிறதோ அதை வைத்து மற்ற சத்துகள் எவ்வளவு உள்ளே தங்கின என்று கணக்கிடலாம்.

புரதத்துக்கு இதுவும் போதாது. சிறுகுடலில் செரிக்காத புரதத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சாணத்தில் அது குறைவாகத் தெரியும், பன்றிக்கோ அதனால் பயன் இல்லை. ஆகவே சிறுகுடலின் கடைசியில் சிறு குழாய் பொருத்தி அங்கேயே மாதிரி எடுப்பதுதான் சரியான முறை. மூலிகைத் தீனி பற்றி யாராவது ‘செரிமானம் கூடியது’ என்றால், எந்த இடத்தில் அளந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் கலவையாகவே இருக்கிறது. சிலவற்றில் குட்டிகள் கூடுதலாக வளர்ந்தன, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. வியன்னா ஆய்வாளர்கள் 2008-இல் எழுதிய பரவலாக அறியப்பட்ட தொகுப்புக் கட்டுரையும், மருந்துக்கு மாற்றான வழிகளில் இவையும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பயனையும் பாதுகாப்பையும் முறையாக ஆராய வேண்டும் என்ற அளவிலேயே நின்றது. பலன் தெரிவது பெரும்பாலும் பால் மறந்த குட்டிகளிடம். வளர்ந்த பன்றியின் குடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே சுத்தமாக, நெரிசல் இல்லாமல், நல்ல தண்ணீரோடு நடக்கும் கொட்டகையிலும் மூலிகை செய்யக்கூடியது குறைவு. அழுக்குக் கொட்டகையில் வித்தியாசம் அதிகம் தெரியலாம். ஆனால் அங்கே முதலில் வேண்டியது விளக்குமாறு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சொல்லலாம். தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் நொதி பன்றியிடம் போதிய அளவு இல்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து நுண்ணுயிரிலிருந்து எடுத்த பைட்டேஸ் நொதியைத் தீனியில் சேர்க்கிறார்கள். அதன் பலன் ஆய்வுக்கு ஆய்வு தெளிவாகத் தெரிகிறது. மூலிகைக்கு அந்த உறுதி இன்னும் கிடைக்கவில்லை.

தேயிலையைப் போடலாமா?

கேமரன் மலையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கொரியாவில் பச்சைத் தேயிலையைப் பன்றித் தீனியில் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். நோக்கம் பெரும்பாலும் இறைச்சியின் தரம், கொழுப்பு, நல்ல நுண்ணுயிர்களின் பெருக்கம். தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் கால் பங்கு வரை கேட்டசின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் இருக்கும். இவை கிருமிகளை ஓரளவு அடக்கும், கொழுப்புக் கெடுவதைத் தாமதப்படுத்தும்.

ஆனால் துவர்ப்பு என்பது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. தேநீர் குடித்ததும் நாக்கு வறண்டது போல இருப்பதற்குக் காரணம், எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதுதான். குடலிலும் அதே வேலையைச் செய்யும். அளவு மீறினால் தீனியின் புரதத்தையும் செரிமான நொதிகளையும் பிடித்துக்கொண்டு செரிமானத்தைக் குறைக்கும், இரும்புச்சத்தையும் தடுக்கும். பன்றிக்குட்டிகள் ஏற்கெனவே இரும்புக் குறைவோடு பிறப்பவை. தொழிற்சாலைத் தேயிலைத் தூசியில் காஃபினும் நார்ச்சத்தும் வேறு இருக்கின்றன. சும்மா கிடைக்கிறதே என்று வாளிவாளியாகத் தொட்டியில் கொட்டுவது பலனைத் தராது.

செரிக்காதது எங்கே போகிறது?

லெம்பா பெர்த்தாம் காய்கறிக்கும் பூவுக்கும் பேர்போன இடம், பன்றிப் பண்ணைக்கு அல்ல. ஆனால் விலங்கின் கழிவு நிலத்துக்கும் ஆற்றுக்கும் வந்தால் என்ன ஆகும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதப்படுத்தாத கோழி எருவால் ஈ மொய்ப்பது கேமரன் மலையின் பழைய தலைவலி. 2013 அக்டோபர் 23 அன்று சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சேற்று வெள்ளமாகக் குடியிருப்புக்குள் புகுந்து உயிர்களைப் பறித்ததிலிருந்து, மேட்டில் நடப்பது பள்ளத்தில் வந்து சேரும் என்ற பாடம் இந்தப் பள்ளத்தாக்குக்கு மனப்பாடம்.

பன்றி தின்னும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உடலில் தங்குகிறது. மிச்சம் சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறுகிறது. அக்கம்பக்கத்தார் புகார் செய்யும் நாற்றத்தில் ஒரு பகுதி அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக மாறியது. ஆற்றில் பாசி படர வைப்பதும் அதுவும் பாஸ்பரஸும். எனவே செரிமானம் சற்றுக் கூடினாலும் அந்த அளவுக்குக் கழிவு குறைகிறது. மெக்சிக்கோ பாலைவனத்தில் வளரும் யூக்கா செடியின் சாறு அம்மோனியாவைக் குறைப்பதற்காகத் தீனியில் சேர்க்கப்படுகிறது. அதில் இருப்பது சப்போனின், நம் பூந்திக்கொட்டையில் நுரை தரும் அதே வகைப் பொருள். எடை கூடுவதைவிட, நாற்றம் குறைவதும் மருந்துச் செலவு குறைவதும்தான் மூலிகைச் சேர்க்கைகளின் நியாயமான பலன் என்பது இந்தச் செய்தியாளரின் கணிப்பு.

மூலிகை என்பதால் தீங்கில்லையா?

பிள்ளை வயிற்றுவலிக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பையே எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் தீங்கானது என்று அமெரிக்கா 1968-இலேயே உணவில் அதைத் தடை செய்தது. பட்டை எண்ணெய் அளவு கூடினால் குடலைப் புண்ணாக்கும். பூண்டு அதிகமானால் பன்றி தீனியையே ஒதுக்கும். தீனியில் சேர்ப்பது கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் அளவிலான சாரம். கைப்பிடி இலையை அரைத்துப் போடுவதும் அதுவும் ஒரே கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் கால்நடைக்கு மூலிகை என்றாலே நினைவுக்கு வருவது தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி நடத்திய பணி. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று அளவோடு சொல்லப்பட்டதால்தான் இந்தியத் தேசியப் பால்வள வாரியம் அதை விவசாயிகளிடம் எடுத்துச் சென்றது. அது மடியில் பூசும் மருந்து, நோய் கண்டபோது மட்டும். தினசரித் தீனிக்கு அந்த அனுபவத்தை அப்படியே மாற்றிவிட முடியாது. அளவு சொல்லாத மூலிகையை நம்பக் கூடாது என்ற ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் கவலையானது, நோய்க் காலத்தில் விற்கப்படும் புட்டிகள். 1998-99-இல் நிப்பா கிருமி ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிப் புக்கிட் பெலாண்டோக் வரை பரவி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதி செய்யப்பட்டது, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. இந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு இதைக் குணப்படுத்தும் மூலிகையோ மருந்தோ இல்லை. உணவகத்து மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் தீனியாகப் போடுவதே இது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. ‘எதிர்ப்புச் சக்தி சாறு’ வாங்கும் காசுக்கு ஒரு பெரிய அண்டாவும் விறகும் வாங்குவது மேல். ஒரே நேரத்தில் பல பன்றிகள் காய்ச்சலோடு தீனியை ஒதுக்கினால், கைவைத்தியம் பார்க்காமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

ஒரு பன்றி 30 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு வளர, கிலோவுக்கு 2.8 கிலோ தீனி வீதம் 196 கிலோ தீனி தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலிகைச் சேர்க்கை தீனியில் 2 விழுக்காடு மிச்சப்படுத்தினால் கிடைப்பது சுமார் 4 கிலோ. தீனி கிலோ 2 ரிங்கிட் என்றால் 8 ரிங்கிட். அந்தப் பன்றிக்கான மூலிகைச் செலவு 8 ரிங்கிட்டைத் தாண்டினால், சத்து உள்ளே போகிறதோ இல்லையோ, காசு வெளியே போகிறது.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரே வாரத்தில் பால் மறந்த குட்டிகளை, எடை சமமாக இருக்கும்படி இரண்டு கொட்டடியில் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு வழக்கமான தீனி, மற்றதற்கு மூலிகை சேர்த்தது. 4 வாரம் தீனியை நிறுத்துப் போட்டு, முடிவில் குட்டிகளையும் நிறுக்க வேண்டும். கழிச்சல் கண்ட நாள்களையும் குறித்துவைத்தால் நல்லது. விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்தச் சத்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், உறை பூசியதா, எந்த வயதுப் பன்றியில் சோதித்தது. தீவனமும் அதன் சேர்க்கைப் பொருள்களும் 2009-ஆம் ஆண்டுத் தீவனச் சட்டத்தின் கீழ் வருவதால், தயாரிப்பாளர் பெயரும் உள்ளடக்கமும் இல்லாத புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.